பத்தொன்பது நாள் பின்னால்

"மோட்டார் பார்க்கிறவன்தானே நீ, இதையும் பார்."
கூப்பிட்டது மாடிவீட்டு நோல்பெர்த்தா.
படகு எஞ்சினுக்கும் இந்தப் பெட்டிக்கும்
என்ன ஒட்டு, என்ன உறவு என்று நான் கேட்கவில்லை.
புன்ட்டா அரீனாஸில் ஜூலை மாதம்
அடுப்பெரியும் வீடு அழைத்தால்
காரணம் கேட்காமல் படியேறிவிட வேண்டும்.

பள்ளிக்கூடம் ஏலம் விட்ட பழைய கணினி.
திரையில் ஒரு வட்டம்
தன் வாலைத் தானே துரத்திக்கொண்டிருந்தது.
துருக்கித் தொடர், நாற்பத்தொன்றாம் பகுதி.
நாற்பதின் கடைசியில்
கதவுப் பிடியில் கை வைத்தவள்
இன்னும் அதே பிடியோடு நிற்கிறாளாம்.

எஞ்சின் நின்றால் மூன்றே கேள்வி:
எண்ணெய் வருகிறதா, காற்று வருகிறதா, பொறி வருகிறதா.
இணையம் வந்தது;
பக்கத்துத் தாவலில் வானிலைப் படம்
மேகம் மேகமாக நகர்ந்தது.
பக்கத்தைப் புதுப்பித்தேன். வட்டம்.
விளம்பரம் மறைக்கும் நீட்சியை அணைத்தேன். வட்டம்,
கூடவே மூட்டுவலித் தைலம் விற்கும் ஒரு பெண்.
குக்கீகளைத் துடைக்கவா என்றேன்.
"அப்படியென்றால்?"
"நீ யாரென்று அவர்கள் எழுதிவைத்த சீட்டு."
"கிழித்துப் போடு."
கிழித்ததும் வாசலில் நிறுத்திக் கடவுச்சொல் கேட்டது.
விரல் தடுக்காமல் அடித்தாள்:
புருஷனின் படகுப் பெயர், அப்புறம் ஏழு.
மறுபடி அதே வட்டம்.

எலீசெர் கடலில். ராஜநண்டுப் பருவம்.
சேர்ந்தேதான் பார்ப்பது என்று இருவருக்கும் ஒப்பந்தம்.
நான் கேட்காமலே சொன்னாள்:
"பார்க்கப் போவதில்லை.
வேலை செய்கிறதா என்று மட்டும்."
மாத்தேக் குவளையை என் பக்கம் நகர்த்தினாள்.
லஞ்சம் சூடாக இருந்தது.

தற்செயலாகத்தான் கண் போனது.
திரையின் வலது மூலையில், எறும்பளவு எழுத்தில்:
ஜூலை ஒன்று.
"இன்று என்ன தேதி?"
"இருபது."
படகு புறப்பட்ட இரவு
கரண்ட் காசுக்குப் பயந்து செருகியைப் பிடுங்கியவள்
இன்றுதான் மறுபடி செருகியிருக்கிறாள்.
உள்ளே சாகக் கிடந்த பொத்தான் பேட்டரி
அந்த இரவோடு எண்ணுவதை விட்டுவிட்டது.
படம் அனுப்பும் இடத்தில் ஒரு காவல்காரன்,
உரிமச் சீட்டில் நாள் பார்ப்பவன்.
ஜூலை ஒன்றில் நின்றுகொண்டு
இருபதின் சீட்டை நீட்டினால்,
பிறக்காத பிள்ளைக்குப் பந்தி இல்லை என்பான்.

இதில் பெரிதாக அர்த்தம் தேட வேண்டாம்.
அது ஒரு பேட்டரி.
சமையலறைத் தராசைக் கவிழ்த்து
அதன் வயிற்றிலிருந்ததை எடுத்துப் போட்டேன்.
"மாவு நிறுக்க?"
"கண்ணால் நிறு."

தேதி திருத்தினேன்.
வட்டம் ஒரு சுற்று, இன்னொரு அரைச் சுற்று,
படம் வந்தது.
ஆனால் தொடக்கம் அல்ல.
நடிகர்களின் பெயர்கள் மேலேறிக்கொண்டிருந்தன,
எல்லாம் முடிந்துபோன இசையோடு.

பட்டியலைத் திறந்தாள்.
நாற்பத்தொன்றின் அடியில் சிவப்புக் கோடு,
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.
நாற்பத்திரண்டுக்குப் பாதி.

நான் திருப்புளியைத் துடைத்தேன், தேவையில்லாமல்.

"போர்வெனிர் துறைமுகத்தில்
இணையம் நன்றாக வருமோ?"
வரும் என்றேன். என்ன சொல்ல?
அங்கே கரையோரம் நின்றபடி
பாதிப் படகும் கைப்பேசியைத்தான் பார்க்கும்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
முழுக் கோட்டையும் விரலால் பிடித்து
முதலுக்குத் தள்ளினாள்.
கதவுப் பிடி திரும்பியது.

"அடுத்ததில் அவன் எங்கே நிறுத்தியிருக்கிறான்,
குறித்துக்கொள்," என்றாள், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.
"பார்த்து முடித்ததும்
அதே இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும்."

இருபத்தாறு நிமிடம், நாற்பது நொடி.
எரிவாயு ரசீதின் பின்பக்கம் எழுதினேன்.